மிலாறும் பைனஸ் காயும்: கையருகே கிடப்பவற்றில் ஒரு கைப்பணி

கைப்பணி என்றதும் தையல் மெசினும், கடையில் வாங்கும் நூலும் பாசிமணியுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இந்தப் பாடத்துக்கு அவை வேண்டியதில்லை. கான் ஓரத்திலும், கவ்வாத்து மலையிலும், பழைய வீட்டு வாசலிலும் கிடப்பவை போதும். அவற்றைக் கொண்டு சுவரில் தொங்கவிடக்கூடிய ஓர் ஊர்ப் பலகை செய்யும் முறையை இங்கே தருகிறோம்.

இதை ஏன் குறிப்பாக உங்களுக்குச் சொல்கிறோம்? கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் நிறைவு பெற்றது. அதற்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டு எழுந்தன. சிலருக்கு மகாவலி வலயங்களில் வயற்காணி கிடைத்தது. சிலருக்கு அருகிலேயே மேட்டு நிலத்தில் தேயிலைக் காணி கிடைத்தது. அப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்ட தோட்டங்களில் உழைத்த குடும்பங்களும் லயங்களை விட்டுப் போக நேர்ந்தது. பானை சட்டியை லொறியில் ஏற்றலாம். வாசற்படிக் கல்லையும் வேலியோர மரத்தையும் ஏற்ற முடியாது. அன்று எத்தனை வீடுகளில் கமரா இருந்தது? பழைய ஊரைக் காட்ட ஒரு படம்கூட இல்லாத பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே பலர்.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்து மனிதர் ஒருவர் இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்றிருக்கிறார். நேக் சந்த் என்பவர் 1924இல் இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1947 பிரிவினையில் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்தார். புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த சண்டிகார் நகரில் அவருக்கு வீதிப் பரிசோதகர் வேலை கிடைத்தது. அந்த நகரத்துக்காகவும் பல கிராமங்கள் இடிக்கப்பட்டிருந்தன. இடிபாட்டில் கிடந்த உடைந்த வளையல், பீங்கான் ஓடு, ஆற்றுக் கல் முதலியவற்றை அவர் 1950களின் கடைசியிலிருந்து சைக்கிளில் கொண்டுபோய் ஒரு காட்டுப் பள்ளத்தில் சேர்த்தார். இரவு நேரங்களில் அவற்றை மனித உருவங்களாகவும் மிருகங்களாகவும் ஆக்கினார். பல ஆண்டுகள் எவருக்கும் தெரியாது. அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது அனுமதியில்லாத வேலை என்று இடித்துவிடும் பேச்சும் எழுந்தது. ஆனால் 1976இல் அந்த இடம் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஆட்களும் கொடுத்தார்கள். 2015இல் காலமானார். உடைந்த வளையலுக்குத் தனியே என்ன விலை? அது எந்த ஊர் வளையல் என்பதே அதன் பெறுமதி.

இனி நமது வேலைக்கு வருவோம்.

சட்டத்துக்குத் தேயிலை மிலாறு மிகவும் ஏற்றது. கவ்வாத்து முடிந்ததும் விரல் தடிப்புள்ள குச்சிகள் நான்கு எடுங்கள். நான்கே போதும்: மலையில் விடப்படும் மிலாறு மண்ணுக்குப் போர்வையும் உரமும் ஆகிறது, அதை வாரிக்கொண்டு வரக் கூடாது. பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்தால் இலகுவாக வரும். பாசி படர்ந்த குச்சி கிடைத்தால் உரிக்காமல் அப்படியே விடுங்கள், அதற்கு ஈடான அலங்காரம் கடையில் இல்லை. மூலைகளைச் சணல் கயிற்றால் குறுக்குக் கட்டாகக் கட்டி, பின்புறம் பழைய சணல் சாக்கை இழுத்துத் தையுங்கள்.

காயவைப்பதில்தான் பலரும் தோற்கிறார்கள். நமது பக்கத்து மூடுபனியில் வெயிலை நம்ப முடியாது. பைனஸ் காய், சவுக்கு விதைக்கூடு, குச்சி எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே பரணில் இரண்டு கிழமையாவது வையுங்கள். பூச்சி சாகும், பூஞ்சணம் பிடிக்காது. பைனஸ் காய் உலர்ந்தால் விரியும், ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும். ஆகவே நன்றாக விரிந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரக்காயை ஒட்டினால் அது பிறகு விரிந்து பசையைப் பிளந்துவிடும். (ஒரு காயை வாசலில் தொங்கவிட்டுப் பாருங்கள், ஈரக்காற்றை அது காட்டிக்கொடுக்கும்.) இலைகளைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே பரப்பி, மேலே செங்கல் வைத்து, இரண்டு நாளைக்கொரு முறை தாளை மாற்றுங்கள். இலையின் அடியில் வெள்ளைப் பொடி படிந்த பன்னம் ஒன்று கான் ஓரங்களில் முளைக்கும். பிள்ளைகள் அதைக் கையில் அழுத்தி அச்சுக் குத்தி விளையாடுவார்கள். கறுப்புத் துணியில் அதே அச்சைக் குத்தி, பலகையின் ஒரு மூலையில் வைத்துத் தைக்கலாம்.

விதை விடயத்தில் மிகவும் கவனம் தேவை. களிமண் பிள்ளையாருக்குக் குன்றிமணியால் கண் வைப்பது நமது வழக்கம். ஆனால் அது கொடிய நஞ்சு. முழுதாக இருக்கும்போது கடினமான தோல் அதை மூடியிருக்கிறது. துளையிட்டால் அந்தக் காவல் போய்விடும். ஒன்றை மென்று விழுங்கினாலே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். இவற்றில் மாலை கோக்க வேண்டாம், பலகையிலும் ஒட்ட வேண்டாம். மஞ்சாடி முழுச் சிவப்பாக இருக்கும். குன்றிமணிக்குக் கறுப்புப் பொட்டு உண்டு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

பலகையின் நடுவில் வைக்க வேண்டியது உங்கள் பழைய இடத்துப் பொருள் ஒன்று: பழைய சட்டியின் ஓடு, கதவுக் கொண்டி, பாட்டி வைத்திருந்த பாக்குவெட்டியின் பிடி, எதுவும் சரி. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரிவதும், சனங்கள் பார்க்கப் போவதும் உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். அது வழிபாட்டிடம், தொல்பொருட்களுக்கு 1940ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. வற்றிய கரையின் சேறும் ஆளை இழுக்கும். அதேபோல் தேயிலை மலையின் கல்கட்டிலிருந்து கல் பிடுங்க வேண்டாம், மழைக்கு மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். காட்டு ஓர்க்கிட்டையும் மரப்பன்னத்தையும் தொடாதீர்கள்.

சிலர் பைனஸ் காய்க்குப் பொன் வர்ணம் பூசுகிறார்கள். எங்களுக்கு அதில் விருப்பமில்லை. பூசிய பிறகு அது கொழும்புக் கடைச் சாமான் போலாகிவிடுகிறது. அந்தப் போட்டியில் நாம் வெல்லப் போவதுமில்லை.

விற்க நினைப்போர் நுவரெலியா வீதியில் இறம்பொடைப் பக்கம் நிற்கும் பிரயாணிகளை நினைவில் வைக்கலாம். அவர்களுக்கு உள்ளங்கை அளவுப் பலகை போதும், பையில் அடங்க வேண்டும். பழைய வீட்டுப் பொருளை மட்டும் விற்காதீர்கள், அது உங்கள் சுவருக்கு உரியது. விலை போடும்போது “பொருள் சும்மா கிடைத்ததுதானே” என்று கடைக்காரர் சொல்லுவார். பொருள் சும்மா கிடைத்தது, பொழுது சும்மா கிடைக்கவில்லை. பொறுக்க, காயவைக்க, ஒட்டச் சென்ற நேரமெல்லாம் சேர்த்து ஒரு நாளில் எத்தனை பலகை முடிகிறது என்று கணக்கெடுங்கள். எட்டு என்றால், உங்கள் நாட்கூலியை எட்டால் வகுத்து, பசைக்கும் கயிற்றுக்கும் ஆன காசைக் கூட்டுங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

முடிந்த பலகையின் பின்புறம், செய்தவர் பெயரையும், ஒவ்வொரு பொருளும் எந்த மலை, எந்த ஓடை, எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் பேனையால் எழுதுங்கள். வீட்டில் வைக்கும் பலகையென்றால், பழைய ஊரின் பெயரை அங்கே வாழ்ந்த பெரியவரிடம் கேட்டு, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள்.