செல்போனில் வெப்சைட் ஏன் திணறுகிறது?

பனியன் வாங்க எல்லோரும் காதர்பேட்டைக்கே வந்த காலம் போய்விட்டது. இப்போ சின்ன கம்பெனிகூட வெப்சைட் வைத்து டி-சர்ட் விற்கிறது. வாங்குபவர் பெரும்பாலும் செல்போனில்தான் பார்க்கிறார். பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கிட்டே இருந்தால் என்ன செய்வார்? அடுத்த கடையைத் திறப்பார். தைத்து, செக்கிங் முடித்து, அயர்ன் போட்ட சரக்கு இங்கேயே கிடக்கும்.

எல்லோரும் டவரைத் திட்டுகிறோம். நான் பார்த்தவரை முக்கால்வாசிக் குற்றவாளி போட்டோதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 12 மெகாபிக்சல் கேமரா எடுக்கும் படம் 4000 × 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 3 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 1 பைட்டுக்கு 8 பிட் என்பதால் அது 24 மெகாபிட். நெட் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் (டாக்டர் படிப்பு இல்லைங்க, விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற அளவு!) ஒரு படத்துக்கே சுமார் 5 விநாடி. 40 மாடல் போட்டால் 3 நிமிஷத்துக்கு மேல். ஆனால் கூகுள் 2020-ல் அறிவித்த அளவுப்படி, பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும்.

பல போன்களின் திரை அகலம் 1080 புள்ளிதான். படத்தை 1080 × 810 ஆகச் சுருக்கினால் 8,74,800 புள்ளி போதும். பதிமூன்றில் ஒரு பங்குகூட இல்லை! மீதியெல்லாம் டேட்டாவைத் தின்றுவிட்டு கண்ணுக்குத் தெரியாமலே போகிறது. கட்டிங் வேஸ்ட் துணியாவது விலைக்குப் போகும், இது அதுக்கும் ஆகாது.

கூகுள் 2010-ல் வெளியிட்ட வெப்பி என்ற பட வகையில் சேமித்தால் எடை இன்னும் குறையும். ஆனால் ரொம்ப நெருக்கினால் ரிப் துணியின் கோடு மங்கிவிடும். துணியைப் பார்க்காமல் யாருங்க வாங்குவாங்க? அதனால் தொட்டால் மட்டும் பெரிய படம் வருகிற மாதிரி வைக்கலாம். கீழே இருக்கும் படங்களுக்கு ‘லேசி லோடிங்’ போட வேண்டும். லேசி என்றால் சோம்பேறி. நாம் விரலால் தள்ளி அருகில் போகும்வரை அந்தப் படம் இறங்காது. இங்கே சோம்பேறித்தனம் நல்லது!

தமிழ் எழுத்தால் தாமதம் என்று சிலர் சொல்வார்கள். ‘சட்டை’ என்ற சொல் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் பிடிக்கும், ஆங்கில ‘ஷர்ட்’ 5 பைட்தான். மூன்று மடங்கு உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு 3 எம்பி படத்தின் இடத்தில் ‘சட்டை’ என்று 2 லட்சம் தடவை எழுதலாம்.

பிளிப்கார்ட் 2015 மார்ச்சில் தன் மொபைல் தளத்தை மூடிவிட்டு, ஆப்புக்கு வாருங்கள் என்றது. அதே நவம்பரில் ‘பிளிப்கார்ட் லைட்’ என்ற புதுத் தளத்தோடு திரும்பி வந்தது. மேல்பட்டை, பட்டன் போன்ற கூடு முதல் தடவையே போனில் தங்கிவிடும். மறுபடி போகும்போது சரக்கு விவரம் மட்டும் வந்தால் போதும்.

கம்ப்யூட்டர் லேபில் சோதிக்கலாம். குரோமில் எஃப்12 தட்டி ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போங்கள். எந்தப் படம் எத்தனை கேபி என்று வரிசையாகக் காட்டும். நெட் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. குறைத்துவிட்டு நம்ம ஊர் கம்பெனி தளம் ஒன்றைத் திறங்கள். பெல் அடிப்பதற்குள் வருகிறதா, பார்ப்போம்!