நெல் காத்த நாலுகெட்டு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில் நெடுமங்காடு இருக்கிறது. சுமார் 18 கிலோமீட்டர் தூரம். அங்கே கோயிக்கல் அரண்மனை என்ற பழைய கட்டடம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட உமயம்மை ராணிக்காக அது கட்டப்பட்டது என்பார்கள்.

அரண்மனை என்றதும் கோட்டை, கொத்தளம் என்று நினைக்க வேண்டாம். இது ஒரு நாலுகெட்டு வீடு. வயலும் தோப்பும் வைத்திருந்த பெரிய குடும்பங்களும் இந்த முறையில்தான் வீடு கட்டின. அந்த வீட்டைத் தறவாடு என்பார்கள்.

வீட்டின் அமைப்பு

நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டு. அதனால்தான் நாலுகெட்டு என்று பெயர். முற்றத்தின் வழியாக வெளிச்சமும் காற்றும் வீடு முழுவதும் வரும்.

கேரளத்தில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஆகவே கூரையைச் சரிவாக அமைத்தார்கள். தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும். கூரை சுவரைத் தாண்டி நீண்டிருக்கும். சுவர் நனையாது. தேக்கு, பலா, அயினி மரங்களை இழைத்து, ஒன்றோடொன்று பொருத்தி, மர ஆணி அடித்தார்கள்.

வீட்டின் முக்கியமான இடம் நெல் வைக்கும் அறை. தடித்த பலகையால் ஆன பத்தாயத்தில் நெல்லைக் கொட்டி வைத்தார்கள். ஈரமும் எலியும் அண்டாது. வெளியே மாட்டுத் தொழுவம், குளம், பாம்புக்காவு எல்லாம் இருக்கும்.

நெல் யாருடைய உழைப்பு?

பத்தாயத்தை நிரப்பியவர்கள் வயலில் உழைத்தவர்கள். ஆனால் சாதியின் பெயரால் அவர்களை வீட்டுக்குள் விடவில்லை. பள்ளியிலும் அவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை.

வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி இதை எதிர்த்தார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் தலைமையில் உழைப்பாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக மட்டும் நடந்த போராட்டம் அல்ல அது. எழுத்துக்காகவும் நடந்தது.

காலம் மாறியது

தறவாட்டில் சொத்து தாய்வழியில் வந்தது. மூத்த ஆண் அதை நிர்வாகம் செய்தார். அவரைக் காரணவர் என்பார்கள். 1925-இல் திருவிதாங்கூரில் வந்த நாயர் சட்டம், சொத்தைப் பங்கு வைக்க வழி செய்தது. பல பெரிய குடும்பங்கள் பிரிந்தன.

1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்கும் உரிமை கிடைத்தது. பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை அவர்கள் சொந்தமாக்கிக் கொள்ளலாம்.

பராமரிக்க ஆள் இல்லாமல் பல நாலுகெட்டுகள் இடிந்தன. சிலவற்றைப் பிரித்து மரமாக விற்றார்கள். கோயிக்கல் அரண்மனை தப்பியது. 1992-இல் அங்கே நாட்டுப்புறக் கலை, பழைய நாணயங்கள் ஆகியவற்றுக்கு அருங்காட்சியகங்கள் அமைந்தன.

ஒரு காலத்தில் ராணியின் வீடு. இன்று யாரும் உள்ளே போகலாம். அங்குள்ள பெயர்ப் பலகைகளைத் தாமே படிக்கலாம்.

சொல் அறிவோம்
பத்தாயம் – நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டி
காரணவர் – குடும்பத்தை நடத்தும் மூத்த ஆண்

விடை எழுதுங்கள்
1. நாலுகெட்டு என்ற பெயர் ஏன் வந்தது?
2. கூரை ஏன் சரிவாக இருக்கிறது?
3. உழைப்பாளிகள் எதற்காக வேலையை நிறுத்தினார்கள்?

கலந்து பேசுங்கள்
உங்கள் ஊரில் உள்ள பழைய வீடு எது? அதைக் கட்டியவர்கள் யார்? அங்கே உழைத்தவர்கள் யார்? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.