ஏரிக்கரையிற் கற்கும் பொறியியல்

'நிலைபேறுடைய வளர்ச்சி' என்னுந் தொடர் இக்காலத்தே எங்கும் வழங்குகின்றது. நார்வே நாட்டுப் பிரதமராயிருந்த புருண்ட்லாண்டு அம்மையார் தலைமையில் அமைந்த குழுவினர் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையால் இது உலகெங்கும் பரவிற்று. இன்றுள்ள மக்கள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளுங்கால், பின்வருவோர் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் ஆற்றலைக் கெடுத்தலாகாது என்பதே அதன் பொருள். 2015-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையார் இதனை 17 குறிக்கோள்களாக விரித்து வகுத்தனர். சிவில் என்ஜினீயரிங் எனப்படும் கட்டடப் பொறியியல் பயிலும் மாணாக்கர் இவ்வளவையும் மனப்பாடஞ் செய்து தேர்வில் எழுதிவிடுகின்றனர். அடுத்த வகுப்பில் ஒரு பாலத்தை வரையப் புகுங்கால், அப்பதினேழில் ஒன்றேனும் அவர் நினைவிற்கு வருவதில்லை. இது மாணாக்கர் குற்றமன்று. கற்பிக்கும் எம்மனோர் குற்றமே. பாலம் வரையும் வகுப்பிலே சொல்லவேண்டியதை நாம் வேறொரு வகுப்பிற்குத் தள்ளிவிட்டோம்.

அங்ஙனமாயின் பாலத்தோடும் ஏரியோடும் சேர்த்து இதனைக் கற்பிப்பது எவ்வாறு? கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியையே பாடநூலாகக் கொண்டு பார்ப்போம்.

குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலை தொடங்கப்பெற்றது. அந்நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கமொன்று மிகுந்த அழுத்தத்தோடு நிற்கின்றது. அதனை இடையறாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தரை நீரின் விசையாற் பிளந்துவிடும். ஆகவே இரவும் பகலும் இறைக்கின்றனர். இறைத்த நீரில் ஒரு பகுதி ஓடைகளின் வழியே பரவனாற்றை அடைந்து, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வந்து, குறிஞ்சிப்பாடிப் பகுதியின் வயல்களுக்குப் பாய்கின்றது. எஞ்சியது உப்பனாறாய்க் கடலூர் முதுநகரருகே கடலிற் கலக்கின்றது.

இவ்விடத்து மாணாக்கரைக் கேட்கத்தக்க வினாக்கள் பல. மழை பொய்த்த கோடையிலும் சில வயல்கட்கு நீர் வருகின்றதே, இது நன்றன்றோ? நன்றே. ஆயின் ஆழத்தினின்றும் இறைக்கப்படும் அந்நீர் எத்தனை காலத்திற் சேர்ந்தது? அதே நீரை நம்பிக் குழாய்க்கிணறு இறக்கியவர் ஆண்டுதோறும் இன்னும் ஆழமாக இறக்குவது ஏன்? நிலக்கரி தீர்ந்து சுரங்கம் ஒரு நாள் மூடப்படுமாயின், அதன் பின் அவ்வேரிகளை நிரப்புவது எது? ஒரு சாரார்க்கு வரவாயிருப்பது மற்றொரு சாரார்க்குச் செலவாயிருத்தலை மாணாக்கன் ஈண்டு வரவு செலவுக் கணக்கைப்போலவே எழுதிப் பார்க்கலாம். புருண்ட்லாண்டு அறிக்கையைப் பத்து முறை படித்தாலும் இத்தெளிவு வருமென்று எமக்குத் தோன்றவில்லை.

இனி, வெள்ளக் கணக்கிற்கு வருவோம். இதில் சற்று நெடிது நிற்றல் வேண்டும். உயிர்கள் இதனைப் பொறுத்தே உள்ளன.

தென்னாட்டில் ஏரிக் கலிங்கும் சிறுபாலமும் அமைப்பார்க்கு ரைவ்ஸ் என்பார் 1884-ஆம் ஆண்டில் ஒரு சூத்திரம் வகுத்துத் தந்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுரக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்திற்குக் கனமூலங் கண்டு, ஒரு குணகத்தாற் பெருக்கின், வினாடிக்கு இத்தனை கனமீட்டர் வெள்ளம் வருமெனக் கிடைக்கும். கீழைக் கடற்கரையினின்றும் 80 கிலோமீட்டருக்குட்பட்ட நிலத்திற்கு அக்குணகம் 6.8. குறிஞ்சிப்பாடி அவ்வெல்லைக்குள் அடங்கும். நீர்ப்பிடிப்பு 64 சதுரக் கிலோமீட்டர் என்று கொள்வோம். 64-இன் வர்க்கம் 4,096, அதன் கனமூலம் 16, 6.8-ஆற் பெருக்க, வினாடிக்கு ஏறத்தாழ 109 கனமீட்டர். மாணாக்கன் இவ்விடையின் கீழே இரட்டைக் கோடிட்டு, முழு மதிப்பெண்ணும் பெற்று அமைகின்றான்.

அமையவிடலாகாது. 2015-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. பரவனாற்றங்கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. கடலூர் மாவட்டத்திற் பலர் உயிரிழந்தனர். மேற்கூறிய 64 சதுரக் கிலோமீட்டர் பரப்பின்மீது 40 சென்டிமீட்டர் மழை பெய்யின், விழுந்த நீர் 2 கோடியே 56 இலட்சம் கனமீட்டர். அதிற் பாதி மண்ணில் ஊறிற்று என்றே வைத்துக்கொள்வோம். மற்றைப் பாதி 24 மணி நேரத்தில் ஒரு சீராக வழிந்தோடினும் வினாடிக்கு 148 கனமீட்டர் ஆகின்றது. வெள்ளமோ ஒரு சீராக ஓடுவதன்று. சில நாழிகையில் உச்சம் ஏறி வருவது. 109-க்கு அளந்து கட்டிய பாலம் அவ்வேளையில் பாலமாயிராது, அணையாகிவிடும். சாலைக்கு மேற்புறத்து ஊர் மூழ்கும்.

ரைவ்ஸ் என்பாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அவர் கண்ட நிலம் வேறு. ஒரு பரப்பில் எவ்வளவு பகுதி கழனி, எவ்வளவு கட்டாந்தரை, எங்கே மண்மேடு, எங்கே சிமெண்டுத் தளம் என்று அவர் சூத்திரம் வினவுவதில்லை. அவையனைத்தையும் அக்குணகம் ஒன்றே தாங்கி நிற்கின்றது. சுரங்கம் தோண்டி மண்ணை மலைபோற் குவித்த நிலத்திற்கும், மனைகளாய்ப் பிரிந்து தார்ச்சாலை ஓடும் நிலத்திற்கும் அதே 6.8 பொருந்துமா என்று வினவுகின்ற மாணாக்கனே நிலைபேறுடைய வளர்ச்சியைக் கற்கத் தொடங்கினான் என்போம். அவ்வினாவிற்கு மதிப்பெண் ஒதுக்கிய வினாத்தாளை யாம் இன்னுங் கண்டிலம்.

கட்டுபொருளைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சிமெண்டு ஆக்குங்கால் எரிபொருளினின்று மட்டுமன்றிக் கல்லினின்றே கரியமில வாயு வெளிப்படுகின்றது. உலகில் மக்கள் வெளியிடும் அவ்வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டினால் வருவது. அதனாற் சிமெண்டிற் சாம்பல் கலப்பதும், சாம்பற்கல்லால் சுவர் எழுப்புவதும் சிறப்பென்று கற்பிக்கின்றோம். நெய்வேலியிற் சாம்பலுக்குக் குறைவுமில்லை. ஆயினும் அச்சாம்பல் நிலக்கரியை எரித்தமையால் வந்தது. 2070-ஆம் ஆண்டிற்குள் நிகரக் கரிம வெளியீட்டைச் சுழியமாக்குவதாக இந்தியா 2021-இல் அறிவித்திருக்கின்றது. நிலக்கரி எரிதல் நின்றபின் சாம்பல் எங்கிருந்து வரும்? விடை எமக்கும் முழுதும் தெரியாது. தெரியாததை வகுப்பில் ஒப்புக்கொள்வதில் ஆசிரியர்க்கு இழுக்கில்லை.

நெடுங்காலம் நின்ற வேலைக்கும் நாம் அயல்நாடு செல்லவேண்டுவதில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த வீராணம் ஏரி 10-ஆம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தே தோன்றியது. அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்தான் என்பர். கொள்ளிடத்து நீர் 1836-இல் ஆர்தர் காட்டன் துரை கட்டிய கீழணையினின்று வடவாற்றின் வழியே இன்றும் அதனை அடைகின்றது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மக்களும் அதன் நீரை உண்கின்றனர். ஆயிரம் ஆண்டு அதனைக் காத்தது கரையின் வலிமை மட்டுமன்று. தலைமுறைதோறும் தூர் எடுத்தவர் கையும் ஆகும். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஊரார் தாமே வந்து செய்த வேலையை 1858-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கட்டாய வேலையாக்கிற்று. வழக்கம் தேய்ந்தபின் 2017-இல் தமிழக அரசினர் அப்பெயராலேயே ஒரு திட்டந் தொடங்கினர். நம் பாடத்திட்டமோ கட்டுவதை எட்டுப் பருவங்களிலும் கற்பித்துப் பேணுவதை ஒரு பக்கத்தில் முடிக்கின்றது.

ஆகவே யாம் மாணாக்கர்க்கு இடும் பயிற்சி இதுவே. ஒவ்வொருவரும் தம் ஊர்ச் சிறுபாலம் ஒன்றைத் தேர்ந்து அளக்கவேண்டும். அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்பை நடந்து காணவேண்டும். 2015-இல் வெள்ளம் எவ்வளவு ஏறிற்று என்று அவ்வூர்ப் பெரியவர்களைக் கேட்டுச் சுவரில் குறிக்கவேண்டும். அதன்பின் சூத்திரத்தைக் கையில் எடுக்கவேண்டும். முதன்முறை சென்ற மாணாக்கர் சிலர் வெயிலை நொந்துகொண்டனர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மாணவனொருவன் கொணர்ந்த தாளில் பாலத்தின் படம் இரண்டு முறை வரையப்பட்டிருந்தது. முதற்படம் அலுவலக வரைபடத்தைப் பார்த்து எழுதியது. அதில் மூன்று கண்களும் திறந்திருந்தன. மற்றது அவன் நேரிற் கண்டு வரைந்தது. அதில் ஒரு கண்ணை வண்டல் முற்றும் அடைத்திருந்தது. அதன்மேல் வேலிக்கருவை வளர்ந்திருந்ததையும் அவன் விடாமல் வரைந்திருந்தான்.