ஜெயித்தவர் காரில் ஈயம்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்திருப்பார்கள். வண்டி பூட்டும் நேரத்தில், "இதுவாய்யா சின்ன மாடு?" என்று ஒரு குரல் கிளம்பும். கார் பந்தயத்திலும் அதே குரல்தான். சம்பளத்துக்கு ஓட்டாமல் ஆசைக்கு ஓட்டுகிறவர்களிடம் அது இன்னும் உரக்கக் கேட்கும். தோற்றவர் சொந்தக் காசைப் போட்டல்லவா தோற்றிருக்கிறார்!

அமெரிக்காவில் 1944இல் தொடங்கிய எஸ்.சி.சி.ஏ. சங்கம் நடத்தும் 'இம்ப்ரூவ்டு டூரிங்' பிரிவையே எடுத்துக்கொள்வோம். சாலையில் ஓடிப் பழசான சாதாரணக் கார்களைக் கொஞ்சம் மாற்றிப் பந்தயத்துக்குக் கொண்டுவரும் பிரிவு இது. வேகத்தின்படி ஆர், எஸ், ஏ, பி, சி என ஐந்து வகுப்புகள். எந்த மாடல் எந்த வகுப்பு, குறைந்தது எத்தனை எடை இருக்க வேண்டும் என்பது விதிநூலில் இருக்கும். தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

"அந்தக் கார்தான் எப்போதும் ஜெயிக்கிறது. அதற்கு எடையைக் கூட்டு."

அடிக்கடி கேட்கும் கோரிக்கை இது. கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஜெயித்தது காரா, ஓட்டியவரா, அன்று காலை போட்ட புது டயரா? முடிவுப் பட்டியல் அதைச் சொல்வதில்லை. அதனால்தான் இந்தப் பிரிவில் முடிவுகளைப் பார்த்து எடை வைக்காமல் கணக்குப் போட்டு வைக்கும் முறை வந்தது. தொழிற்சாலை சொல்லும் குதிரைத்திறனை எடுத்துக்கொள். பந்தயத்துக்குத் தயார் செய்தால் 25 சதவீதம் கூடும் என்று வைத்து 1.25ஆல் பெருக்கு. பிறகு வகுப்புக்குரிய எண்ணால் பெருக்கு; ஏ வகுப்புக்கு அது 14.5. தொழிற்சாலைக் கணக்கில் 130 குதிரைத்திறன் உள்ள காருக்கு 2,356 பவுண்டு வரும், அதாவது ஏறக்குறைய 1,069 கிலோ. முன்சக்கரத்தால் இழுக்கும் காருக்குக் கொஞ்சம் சலுகை, எஞ்சின் நடுவில் இருந்தால் கொஞ்சம் கூடுதல் என்று சில்லறைத் திருத்தங்களும் உண்டு.

கணக்கு சுத்தம். சண்டையெல்லாம் அந்த 1.25இல் இருக்கிறது. சில எஞ்சின்களைத் தொழிற்சாலையே கசக்கிப் பிழிந்து அனுப்பியிருக்கும்; மேற்கொண்டு 10 சதவீதம் எடுப்பதற்குள் முழி பிதுங்கிவிடும். சிலவற்றைப் புகைக்குழாயில் கட்டிப்போட்டிருப்பார்கள். அதை அவிழ்த்துவிட்டால் 35 சதவீதம் எகிறும். மேலே சொன்ன காருக்கு 1.25க்குப் பதில் 1.35 போட்டால் 188 பவுண்டு, ஏறத்தாழ 85 கிலோ கூடிவிடும். வாட்டசாட்டமான ஓர் ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டுவது மாதிரி.

சரி, குதிரைத்திறனை அளக்கும் டைனோ கருவியில் ஏற்றிப் பார்த்துவிடலாமே? அளக்கலாம். ஆனால் நல்ல எண் வந்த சீட்டை யார் வெளியே காட்டுவார்கள்? எடைக் குறைப்பு கேட்பவர் கொண்டுவருவதெல்லாம் நோஞ்சான் சீட்டுதான். நிறையச் செலவழித்துத் தயாரான காரையும், வீட்டுக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் முடுக்கிய காரையும் ஒரே தட்டில் வைத்து, 'இந்த மாடல் மெதுவானது' என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், ஊரறிந்த சூத்திரம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. மூடிய அறைக்குள் எடுக்கும் சரியான முடிவைவிட அது மேல்.

"குதிரைத்திறனுக்கு இத்தனை கிலோ என்று சமன் செய்துவிட்டால் கார்கள் சமம்."

காற்றிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1,000 கிலோ, 100 குதிரைத்திறன் உள்ள கார் ஒன்று. 1,500 கிலோ, 150 குதிரைத்திறன் உள்ளது மற்றொன்று. விகிதம் ஒன்றுதான். உருவமும் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும்; எடை அங்கே கிட்டத்தட்டப் பேசவே பேசாது. முதல் கார் 180 கி.மீ. வேகத்தில் மூச்சு முட்டினால், இரண்டாவது 206 வரை போகும். 4 மைல் நீளமும் நெடிய நேர்பாதைகளும் கொண்ட 'ரோடு அமெரிக்கா' தடத்தில் கனத்த காருக்குக் கொண்டாட்டம். வளைந்து வளைந்து போகும் மிட்-ஓஹையோ தடத்தில் அதே கார் பிரேக்கையும் டயரையும் தின்று தீர்க்கும். ஒரே எடை இரண்டு தடத்துக்கும் பொருந்தாது.

"ஒல்லி ஓட்டுநருக்கு லாபம்."

பாதிதான் சரி. குறைந்தபட்ச எடை என்பது ஓட்டுநரையும் சேர்த்து, பந்தயம் முடிந்து வந்ததும் எடைமேடையில் காட்ட வேண்டிய எடை. ஒல்லியானவர் குறைகிற கிலோவுக்கு ஈயக்கட்டியோ இரும்புத் தகடோ வைத்துத்தான் ஆக வேண்டும். அவருக்கு மிஞ்சும் லாபம் வேறு: ஈயத்தைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைக்கலாம், தொப்பையை அப்படி வைக்க முடியாது. இன்னொன்று, 20 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 15 கிலோ போய்விடும். அதைக் கணக்கில் வைக்காமல் கொடி வாங்கியவர் எடைமேடையில் கோப்பையை இழப்பார்.

"எல்லோருக்கும் ஒரே மாடல் கொடுத்துவிட்டால் சண்டையே இல்லை."

'ஸ்பெக் மியாட்டா' பிரிவில் அதைத்தான் செய்தார்கள். எல்லாம் மாஸ்டா மியாட்டா கார்கள். ஆனால் 1990இல் வந்தது 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன்; 1994இல் 1.8 லிட்டர், 128; 1999இல் 140. பெயர் ஒன்றுதான், கார் ஒன்றல்ல. ஆகவே ஒன்றுக்கு எடை குறைப்பு, இன்னொன்றுக்குக் காற்று புகும் வழியில் துளை சிறுத்த தகடு. சுற்றிச் சுற்றி அதே பஞ்சாயத்து. 2014இல் லகுனா செகா தடத்தில் நடந்த தேசிய இறுதியில், முன்னால் முடித்த கார்களில் பல சிலிண்டர் ஹெட் சோதனையில் தகுதி இழந்தன.

"விதிநூலில் பெயர் இருக்கிறதே, ஜெயிக்க வழி செய்ய வேண்டாமா?"

வேண்டாம். எந்தக் காருக்கும் போட்டித்திறனுக்கு உத்தரவாதம் இல்லை என்று இம்ப்ரூவ்டு டூரிங் விதியே எழுதி வைத்திருக்கிறது. கார் வாங்கப் போகும் முன் அந்த வரியைப் படித்தவர்கள் குறைவு. படித்த பிறகும் பழைய வோல்வோவை ஓட்டிக்கொண்டு வந்து பன்னிரண்டாவதாக முடித்துவிட்டு, சிரித்தபடி டிரெய்லரில் ஏற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். எடைக் குறைப்பு கேட்டு அவர்கள் மனு போடுவதில்லை.