நரையும் திரையும் சொல்லும் கணக்கு



லெம்பா பெர்த்தாமில் உள்ள நம் கடைக்கு வழக்கமாக வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்மணி ஒருவர், சென்ற மாதம் ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பூர்த்தி செய்து தரும்படி கேட்டார். பல வருஷங்களாக அவரை நான் "அம்மா" என்றே அழைத்து வந்தேன். அடையாள அட்டையைப் பார்த்த பிறகுதான், அவர் என்னைவிட மூன்று வயது இளையவர் என்று தெரிந்து வெட்கமடைந்தேன். போகும்போது அவர், "முகம் வெளுக்க ஏதாவது கிரீம் இருக்கிறதா பாய்?" என்று கேட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நரையையும் திரையையும் கொண்டு மூப்பை அளப்பது நம் பழைய வழக்கம். இன்றைய வைத்தியர்களும் இவற்றை அளக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்ட கணக்கு வேறு.

முதலில் தோல். புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால், இளைஞருக்கு உடனே படிந்துவிடும். வயது ஏற ஏறத் தாமதமாகும். உடலில் நீர் குறைந்தாலும் தாமதமாகும் என்பதை மறவாதீர். ஆராய்ச்சிச் சாலைகளில், தோலைச் சிறிது உறிஞ்சி விடும் கருவியால் இதையே அளக்கிறார்கள்.

இப்போது சட்டைக் கையைச் சுருட்டுங்கள். மேற்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வயது ஒன்றே. ஆயினும் உட்புறம் மிருதுவாகவும், வெளிப்புறம் கறுத்துச் சொரசொரப்பாகவும் இருக்கும். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயிலின் வேலை.

28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் படம் 2012-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்தது. சூரியனின் புற ஊதாக் கதிர் கண்ணாடி வழியாகவும் புகுந்து, தோலைத் தாங்கும் நார்களைச் சிதைத்ததே காரணம்.

நம் மலை குளிர்ச்சியானது. ஆகவே வெயில் கெடுக்காது என்று எண்ணுகிறோம். குளிர் வேறு, கதிர் வேறு. ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் இக்கதிர் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடுகிறது. மெல்லிய மேகமும் அதை முழுதும் தடுப்பதில்லை. நாள் முழுதும் கொழுந்து பறிப்பவரின் முகத்தில் இது பதியாமல் போகுமா?

அடுத்தது கேசம். நரை பெரிதும் பரம்பரையைப் பொறுத்தது. முப்பதில் நரைத்தவரும் உண்டு, அறுபதில் கறுத்திருப்பவரும் உண்டு. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஒவ்வோர் இழையும் ஒரு நாட்குறிப்பு போன்றது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் இழைகளின் நிறத்தை நீளவாக்கில் அளந்து, 2021-ல் முடிவை வெளியிட்டனர். மனக்கவலை குறைந்த காலத்தில் சில நரை இழைகள் மீண்டும் கறுத்திருந்தன. ஆனால் இது அபூர்வம், நம்பியிருக்கத் தக்கதன்று.

ஆகவே, திரை நாம் பட்ட வெயிலைச் சொல்கிறது. நரை நம் குடும்பத்தைச் சொல்கிறது. இரண்டும் வயதைச் சரியாகச் சொல்வதில்லை.

அந்தச் சகோதரிக்கு நான் கிரீம் விற்கவில்லை. வெளுக்க வைப்பதாகச் சொல்லும் சில கிரீம்களில் பாதரசம் கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையுமே மலிவான மருந்து என்று சொன்னேன். இனி "தங்கச்சி" என்றே அழைப்பேன் என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

முகத்தைப் பார்த்து ஒருவரின் வயதை முடிவு கட்டாதீர். அது அவருடைய உழைப்பின் கணக்காக இருக்கலாம்.