கேட்டு எழுதி வையுங்கள்



அண்மையில் மூதாட்டி ஒருவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு மரணப் பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருந்தேன். 1983 ஆடிக் கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து அகதியாகக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர் அவர் என்று மகன் சொன்னார். எந்தக் கப்பல், எத்தனை நாள் முகாமில் இருந்தார், யார் அவரை ஒளித்து வைத்தார்கள் என்று கேட்டேன். "அம்மா அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை, சுவாமி. நாங்களும் கேக்கேல்லை" என்றார். பதிவேட்டில் பெயர், வயது, திகதி ஏறின. மற்றவை அவரோடு போயின.

1958இல் பத்து வயதுப் பிள்ளையாய் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். 1977 கலவரத்தைப் பற்றி முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழு சாட்சியம் கேட்டு, அதன் அறிக்கை 1980இல் வெளிவந்தது. 1983க்கோ 2001 மட்டும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் பதினெட்டு வருடத்தில் எத்தனை சாட்சிகள் கடல் கடந்தார்கள், எத்தனை பேர் கண்மூடினார்கள்! அரசாங்கம் எழுதட்டும் என்று நாம் திண்ணையில் இருந்தால் இதுதான் கதி.

காகிதமும் அழியும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1981இல் நமது பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. சம்பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்த நெருப்பைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர் நீத்தார். ஆகவே எதை எழுதினாலும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது வேறு ஊரில் இருக்கட்டும்.

இது திருச்சபைக்குப் புதிய வேலையன்று. நற்செய்தியாளர் லூக்கா தம் நூலின் தொடக்கத்திலேயே, கண்கண்ட சாட்சிகள் ஒப்படைத்தவற்றை ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்லுகிறார். நமது காலத்திலே, குவாத்தமாலா நாட்டில் ஆயர் யுவான் ஹெரார்டி, கோவிற்பற்றுப் பொதுநிலையினரைப் பயிற்றி ஊரூராய் அனுப்பினார். அவர்கள் மக்களின் சொந்த மொழியிலேயே கேட்டு, ஆயிரக்கணக்கான சாட்சியங்களைச் சேர்த்தார்கள். 1998 சித்திரை 24இல் அறிக்கை வெளியானது. இரண்டு நாள் கழித்து ஆயர் கொல்லப்பட்டார். அறிக்கை இன்றும் இருக்கிறது.

நமக்கு ஒரு கொப்பியும் பேனாவும் போதும். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்தால் இன்னும் நல்லது. முதலில் அனுமதி கேளுங்கள். தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். திகதி மறந்திருந்தால் திருநாளையோ, பிள்ளை பிறந்ததையோ வைத்துக் கேட்டுப் பாருங்கள். பொருத்தமாக நீங்களே ஒரு திகதி போட்டுவிட வேண்டாம். அவருடைய பேச்சை இலக்கணத் தமிழாக்கவும் வேண்டாம் (ஆசிரியமார் இந்தத் தவறை அதிகம் செய்வார்கள், குருமாரும்தான்). பழைய படங்களின் பின்புறத்தில் யார், எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். சொன்னவருக்குப் பயம் இருந்தால், அவர் குறிக்கும் காலம்வரை உறையிலிட்டு மூடி வையுங்கள். ஒருவருடைய துயரத்தைத் தொலைபேசி வழியே ஊரெல்லாம் அனுப்புவது பெரும் பிழை.

தமது வீட்டில் நம்மவரை ஒளித்துவைத்த சிங்கள அயலவரின் பெயரைச் சொன்னால் அதையும் விடாமல் எழுதுங்கள். அதேபோல, 1990 ஐப்பசி முடிவில் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவரைப்பற்றி உங்கள் வீட்டு முதியவர் என்ன கண்டார், என்ன செய்தார், என்ன செய்யாமல் இருந்தார் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வி நமக்குச் சுடும். ஆனால் நமக்கு நேர்ந்ததை மட்டும் எழுதிய கொப்பியை யார் நம்புவார்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் தொடங்கலாம். அவர் கதைக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அழத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுங்கள். இன்னொரு நாள் போய் இருங்கள்.