ஓட்டம் நிற்காமல் ஒரு மாற்றம்

விளக்கைப் போடும்போது, மின்சாரம் எந்த அணையிலிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை அல்லவா? பல ஊர்க் கணிப்பொறிகளின் ஆற்றலை இவ்வாறே பெறும் முறைக்குக் ‘கிரிட்’ என்று பெயர். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்களை மோதவிட்டு எடுக்கும் அளவீடுகளை, சுமார் 40 நாடுகளின் கணிப்பொறி நிலையங்கள் இம்முறையில் பகிர்ந்து ஆராய்கின்றன. மும்பையும் கொல்கத்தாவும் அவற்றுள் அடங்கும். ஆராய்வோருக்கும் கணிப்பொறிகளுக்கும் இடையில் நின்று, எந்த வேலையை எங்கே அனுப்புவது என்று பார்ப்பது ‘இடைநிலை மென்பொருள்’.

இதைப் புதுப்பிப்பது எளிதன்று. எல்லா நிலையங்களும் ஒரே நாளில் மாற இயலாது. புதிய பதிப்பு அனுப்பும் வேலையைப் பழைய பதிப்பு புரிந்துகொள்ளாவிட்டால், அவ்வேலை அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு வழி என்ன? ஐரோப்பாவில் 2010 முதல் 2013 வரை நடந்த இ.எம்.ஐ. திட்டத்தைப் பாருங்கள். பழையதோடு ஒத்துப்போகாத மாற்றங்களைப் பெரிய பதிப்புகளுக்கென்றே ஒதுக்கினர்; இடையில் வரும் திருத்தங்கள் பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என விதித்தனர். பெரிய பதிப்புகள் மூன்றுக்கும் மலைகளின் பெயர்கள்: 2011இல் கெப்னெகைசே, 2012இல் மாட்டர்ஹார்ன், 2013இல் மோன்டே பியாங்கோ. புதியது வந்த பின்னும் பழையதற்குச் சில காலம் திருத்தங்கள் கிடைத்தன. அதற்குள் நிலையங்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொள்ளலாம்.

2012 ஜூலை 4ஆம் நாள் ஹிக்ஸ் துகளின் கண்டுபிடிப்பைச் செர்ன் அறிவித்தது. மாட்டர்ஹார்ன் வெளிவந்ததும் அதே ஆண்டின் மே மாதத்தில்தான்! கணக்கீடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கருவியை மாற்றத் திட்டமிடுவதன் அருமை இப்போது விளங்குகிறதா?